ஊருக்குப் போகும்போது திருப்பூரில் துணி தைக்கக் கொடுப்பவர்களுக்கு

வெளிநாட்டில் சின்னதாக ஒரு ஆடைத் தொழில் தொடங்கியிருக்கிறீர்கள். டிசைன் உங்களுடையது, வாங்க ஆளும் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் திருப்பூர் போய்த் தைத்துக் கையோடு கொண்டுவந்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால், ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு வாரத்தில் சரக்கு வராது. நூல் வாங்கி நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம் போடுவது), காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்க அழுத்துவது), அப்புறம் கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வேலை நீளும். அதிலும் பாதிக்கு மேல் வெவ்வேறு யூனிட்டுகளில் ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்து தருவதாக, நடக்கும். புது ஆர்டருக்கு இரண்டு மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் நாட்களில் நீங்கள் முடிக்க வேண்டியது சாம்பிள். துணி, அளவு, பிரிண்ட் மூன்றும் சரியாக இருக்கும் ஒரு சாம்பிளைக் கையில் வாங்கிப் பார்த்து, ஓகே சொல்லிவிட்டு விமானம் ஏறினால் அந்தப் பயணம் வெற்றி.

டீ ஷர்ட், ஹூடி, லெகிங்ஸ், குழந்தைகள் உடை போன்ற பின்னலாடை என்றால் திருப்பூர்தான். கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இறங்கினால் அறுபது கிலோமீட்டருக்குள். சட்டை, குர்தா மாதிரி தறியில் நெய்த துணி வேண்டுமென்றால் ஈரோட்டுப் பக்கம் பார்ப்பது நல்லது. பனியன் கம்பெனிக்காரரிடம் நெசவுத் துணிச் சட்டையைக் கொடுத்தால் அவர் வெளியே யாரிடமாவது கொடுத்து வாங்கித் தருவார். விலையும் ஏறும், யார் தைத்தார்கள் என்பதும் தெரியாது.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போகாதீர்கள். உள்நாட்டு ஆர்டர் நெருக்கடியில் உங்கள் நூறு பீஸை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். தீபாவளி முடிந்ததும் வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், திரும்பி வர நாளாகும். பொங்கல் வாரமும் அப்படித்தான். டிசம்பர் கடைசியில் வந்து ஜனவரி நடுவில் திரும்புகிறவர்கள் வந்த மறுநாளே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். இன்னொன்று, ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இல்லாத வெளிநாட்டுக் குடிமக்கள், குறிப்பாகக் கனடா, பிரிட்டன், ஐரோப்பாவில் இருக்கும் ஈழத்தமிழர்கள், தொழில் பேசப் போகிறோம் என்றால் சுற்றுலா விசாவில் போகாமல் பிசினஸ் விசா எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

புறப்படும் முன்பே டெக் பேக், அதாவது உடையின் முழு விவரக் குறிப்பு, தயாராக இருக்க வேண்டும். முன்பக்கம், பின்பக்கம் படம், ஒவ்வொரு சைஸுக்கும் அளவுப் பட்டியல், எந்த அளவில் எவ்வளவு கூடலாம் குறையலாம், தையல் வகை, பிரிண்ட் எங்கே எத்தனை சென்டிமீட்டரில் வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நிறத்தைப் பேண்டோன் எண்ணில் (ஒவ்வொரு நிறத்துக்கும் உலகம் முழுக்கப் புழங்கும் எண்) சொல்லுங்கள். போன் திரையில் காட்டி ‘இந்த நீலம்’ என்றால் அது வேறொரு நீலமாகத்தான் வரும். உங்களுக்குப் பிடித்த ஃபிட் உள்ள சட்டையைக் கொண்டுபோகிறீர்கள் என்றால் ஒரே மாதிரி இரண்டு கொண்டுபோங்கள். பேட்டர்ன் எடுக்க ஒன்றைப் பிரித்துவிடுவார்கள், ஒப்பிட்டுப் பார்க்க மற்றது வேண்டும்.

நம்மவர்கள் பலர் மனம் உடைவது குறைந்தபட்ச அளவு விஷயத்தில்தான். ‘ஐம்பது பீஸ், ஆறு கலர்’ என்றதும் கம்பெனிக்காரர் ஆர்வம் இழப்பதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். துணி கிலோ கணக்கில் ஓடுகிறது. 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) சிங்கிள் ஜெர்சியில், அதாவது சாதாரண டீ ஷர்ட் துணியில், பெரியவர்கள் டீ ஷர்ட் ஒன்றுக்கு, கட்டிங் வேஸ்டையும் சேர்த்தால், 200 முதல் 250 கிராம் பிடிக்கும். நூறு கிலோ சாயம் போட்டாலே ஒரே நிறத்தில் நானூறு சட்டைக்கு மேல் வந்துவிடும். டையிங் மிஷின்களில் பலவும் அதைவிடப் பெரியவை. அதனால் சின்ன ஆர்டருக்கு வழி, நிறத்தைக் குறைப்பது. கருப்பு, வெள்ளை, நேவி என்று எப்போதும் கையிருப்பில் இருக்கும் துணியை எடுங்கள், வித்தியாசத்தைப் பிரிண்டிலும் எம்பிராய்டரியிலும் காட்டுங்கள். ஏற்றுமதியில் மிஞ்சிய சர்ப்ளஸ் துணி மலிவாகக் கிடைக்கும், தரமும் நன்றாக இருக்கலாம். ஆனால் அதே துணி மறுபடி கிடைக்காது. ஒரே ஒரு தடவை விற்கும் டிசைனுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். தனியாகச் சாயம் போடுவதாக இருந்தால் கழுத்துப் பட்டிக்கான ரிப் துணியையும் (இழுத்தால் நீளும் வரிவரியான பின்னல்) அதே லாட்டில், அதாவது ஒரே தடவையில், போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உடம்பு ஒரு ஷேடு, கழுத்து ஒரு ஷேடு ஆகிவிடும்.

துணியைத் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்த யூனிட்டிலும் ஜிஎஸ்எம் கட்டர் இருக்கும். துணியின் மேல் வைத்துத் திருகினால் 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டித் தரும். அதைத் தராசில் வைத்தால் 1.8 கிராம் காட்ட வேண்டும், அதுதான் 180 ஜிஎஸ்எம். 1.6 என்றால் 160 ஜிஎஸ்எம் துணிக்கு 180-க்கான விலை கேட்கிறார்கள். அப்புறம் அரை மீட்டருக்குக் கூடுதலாக ஒரு துண்டு வாங்கி அறைக்குக் கொண்டுபோங்கள். அதில் அழியாத பேனாவால் 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 47.5 சென்டிமீட்டர் வந்தால் ஐந்து சதவீதம் சுருங்கியிருக்கிறது. அதற்கு மேல் போனால் அந்தத் துணி வேண்டாம். சதுரம் சாய்ந்து ஒரு பக்கம் முறுக்கியிருந்தால் சட்டையின் பக்கத் தையல் நாலு சலவைக்குள் வயிற்றுக்கு வந்துவிடும். சாம்பிள் சட்டையையும் இதே மாதிரி மூன்று தடவையாவது துவையுங்கள். பிரிண்ட் வெடிக்கிறதா, கழுத்து தளர்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

விலை கேட்கும்போது மொத்தமாக ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று வாங்காமல் துணி, பிரிண்ட், தையல், லேபிள், பேக்கிங் என்று பிரித்துக் கேளுங்கள். பேரம் பேசுவதற்காகச் சொல்லவில்லை. விலையைக் குறைக்கச் சொன்னால் எங்கே குறைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். துணியில்தான் முதலில் கைவைப்பார்கள்.

சாயம் எங்கே போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு சாயக் கழிவால் எவ்வளவு கெட்டது, 2011-ல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது எல்லாம் அந்த ஊரில் அனைவருக்கும் தெரியும். கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துப் பயன்படுத்தும் யூனிட்டில் போட்டால் கொஞ்சம் கூடக் கேட்கலாம். நம் ஊர் ஆறு அது, கொடுங்கள். ‘ஆர்கானிக்’ என்று போட்டு விற்கப் போகிறீர்கள் என்றால், கம்பெனியின் சான்றிதழை மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் சரக்குக்கென்றே டிரான்சாக்ஷன் சர்டிபிகேட், அதாவது இந்தக் குறிப்பிட்ட சரக்கு ஆர்கானிக்தான் என்ற சான்று, வாங்க வேண்டும்.

பணத்தை ரொக்கமாகவோ சொந்தக்காரர் கணக்கு வழியாகவோ கொடுக்க வேண்டாம். ஏற்றுமதி அனுமதி எண் உள்ள கம்பெனியாகத் தேர்ந்தெடுத்து, உங்கள் தொழிலின் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அவர்கள் நடப்புக் கணக்குக்கு அனுப்புங்கள். அப்போதுதான் அது ஏற்றுமதி பில்லாக வரும், ஜிஎஸ்டி உங்கள் தலையில் விழாது, உங்கள் நாட்டுச் சுங்கத்திலும் கணக்குச் சரியாக இருக்கும். மாமா, மச்சான் யாராவது ‘நமக்குத் தெரிஞ்ச கம்பெனி’ என்று அழைத்துப்போனாலும் ஆர்டரை எழுத்தில் போடுங்கள். கொங்குப் பக்கத்தில் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது குறைவு. ‘பண்ணிடலாங்க’ என்றால், எந்தத் தேதிக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

லேபிளை அங்கேயே தைத்துவிடுவது நல்லது, ஆனால் வாசகம் உங்கள் நாட்டுச் சட்டப்படி இருக்க வேண்டும். கனடாவில் நூலிழை விவரம் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் வேண்டும். அமெரிக்காவில் நூலிழை விவரம், எந்த நாட்டில் செய்தது, யார் பொறுப்பு என்ற மூன்றும் வேண்டும். அங்கே 12 வயது வரையான குழந்தைகளுக்கான உடை என்றால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகச் சோதனையும் உண்டு. அந்தச் செலவைச் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு குழந்தை உடையில் இறங்குங்கள். ஆஸ்திரேலியா, ஐக்கிய அரபு அமீரகத்தில் இருப்பவர்கள் கம்பெனியிடம் தோற்றச் சான்றிதழ் (சரக்கு இந்தியாவில் செய்தது என்ற சான்று) கேட்டு வாங்குங்கள். இந்தியாவுடன் அந்த நாடுகளுக்கு வர்த்தக ஒப்பந்தம் இருப்பதால் சுங்க வரி மிச்சமாகும்.

ஓகே ஆன சாம்பிளில் இரண்டு எடுத்து, இரண்டிலும் நீங்களும் கம்பெனிக்காரரும் தேதியோடு கையெழுத்துப் போட்டு, ஒன்றை அங்கே விட்டுவிட்டு மற்றதை எடுத்து வாருங்கள். கட்டிங் தொடங்கும் முன் உண்மையான துணியில், உண்மையான லேபிளோடு இன்னொரு சாம்பிள் கூரியரில் வர வேண்டும். அது நீங்கள் வைத்திருப்பதோடு ஒத்துப்போன பிறகு கட்டிங்குக்குச் சம்மதம் கொடுங்கள். கடைசித் தவணையை, பேக்கிங் முடிந்து வெளியாள் ஒருவர் பெட்டிகளைத் திறந்து பரிசோதித்த பிறகு அனுப்புங்கள். சின்ன ஆர்டருக்கும் ஒரு நாள் கூலிக்கு வந்து பார்க்கும் தரப் பரிசோதகர்கள் திருப்பூரில் இருக்கிறார்கள்.