பதற்றமான காலத்தில் வெளிநாட்டுப் பயணம்: முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாடுகளுக்கிடையே பதற்றம் முற்றும்போது, பயணச்சீட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது, அந்த நாட்டுக்கு இப்போது போவது பாதுகாப்பானதா என்பதைத்தான். இயல்பான கேள்விதான், ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் பெரும்பாலும் கிளைக்கின்றன. இத்தகைய காலங்களில் வெளிநாட்டில் மாட்டிக்கொள்ளும் பயணிகளில் பெரும்பாலோர் குண்டுவீச்சில் சிக்குவதில்லை. வான்வெளி மூடப்பட்டு, விமானம் ரத்தாகி, கையிருப்புக் கரைந்து, அன்றாடம் போடும் மாத்திரை தீர்ந்து, விசாக் காலமும் முடியப்போகும் நிலையில், எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் ஒரு விமான நிலையத்திலோ விடுதி அறையிலோ காத்திருக்கிறார்கள். ஆகவே, வழி அடைபட்டால் எத்தனை நாள் என்னால் தாங்க முடியும், எந்த வழியாக, யார் செலவில் திரும்புவேன் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். இதற்குப் பதில் இல்லாதவர், அமைதியாகத் தோன்றும் நாட்டுக்குக்கூட இப்போதைக்குப் புறப்படாமல் இருப்பது நல்லது என்பதே என் உறுதியான கருத்து.

சேரும் ஊரை மட்டும் பார்ப்பது

போகும் நாட்டில் எந்தச் சிக்கலும் இல்லை என்று நிம்மதி அடைபவர்கள், அங்கே போய்ச்சேரும் பாதையைக் கவனிக்கத் தவறுகிறார்கள். 2019 பிப்ரவரி 27 அன்று இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே மோதல் மூண்டபோது பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. அதனால் பாங்காக்கில் இருந்து ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய ஆயிரக்கணக்கான பயணிகள் அங்கேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கும் அந்த மோதலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர்களுடைய விமானங்கள் வழக்கமாகப் பறக்கும் பாதை அந்த வான்வெளி வழியாகச் சென்றது, அவ்வளவுதான். அந்த வான்வெளி முழுமையாகத் திறக்கப்பட்டது அதே ஆண்டு ஜூலை 16 அன்றுதான்.

2025 ஜூன் 23 மாலை நடந்ததை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். ஈரானிய ஏவுகணைகள் கத்தாரில் அமெரிக்கப் படைகள் இருக்கும் அல் உதெய்த் விமானத் தளத்தைத் தாக்குவதற்குச் சற்று முன்னர் கத்தார் தன் வான்வெளியை மூடியது. அந்நேரத்தில் தோகாவை நோக்கி வந்துகொண்டிருந்த கத்தார் ஏர்வேஸ் விமானங்களில் 90-க்கும் மேற்பட்டவை வேறு நாடுகளின் விமான நிலையங்களுக்குத் திருப்பி விடப்பட்டன. மூடல் சில மணி நேரமே நீடித்தது. ஆனாலும் விமானங்கள் ஓரிடத்திலும் விமானிகள் வேறிடத்திலும் சிதறிக் கிடந்ததால், பயணிகளை ஊர் சேர்க்க அதைவிட வெகுநேரம் பிடித்தது. அந்தப் பயணிகளில் மிகப் பலர் கத்தாருக்கென்று புறப்பட்டவர்களே அல்ல. அங்கே விமானம் மாறுவதற்காக மட்டுமே சீட்டு எடுத்திருந்தவர்கள்.

2022 முதல் உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. ரஷ்யா 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மறுத்தது. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான போக்குவரத்தில் பெரும்பகுதி அதன்பின் குறுகிய சில பாதைகளுக்குள் நெருக்கப்பட்டது. அவற்றில் ஒன்று அடைபட்டாலும் மற்றவற்றில் நெரிசல் ஏறும், எரிபொருளுக்காக இடையில் இறங்க நேரும், இணைப்பு விமானம் தவறும். எனவே பயணத் திட்டத்தைப் பார்க்கும்போது, எங்கே விமானம் மாறுகிறோம், எந்தெந்த நாடுகளுக்கு மேல் பறக்கிறோம், அந்தப் பாதை மூடப்பட்டால் அதே நிறுவனத்துக்கு வேறு பாதை இருக்கிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனிச் சீட்டு எடுப்பதைச் சாதாரண காலத்திலேயே யோசித்துத்தான் செய்ய வேண்டும். பதற்றமான காலத்தில் அது கூடவே கூடாது. முதல் விமானம் தாமதமானதால் இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்காது. ஒரே முன்பதிவு எண்ணின் கீழ் உள்ள சீட்டாக இருந்தால், உங்களைக் கடைசி ஊர்வரை கொண்டுசேர்ப்பது அவர்கள் கடமை.

வான்வெளி திறந்திருக்கிறது என்பதாலேயே அது பாதுகாப்பானது என்றும் எண்ணிவிடக் கூடாது. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானம் எம்எச்17, அனுமதிக்கப்பட்ட உயரத்தில்தான் பறந்துகொண்டிருந்தது. அதில் இருந்த 298 பேரும் இறந்தார்கள். 2020 ஜனவரி 8 அன்று, ஈராக்கில் உள்ள அமெரிக்கப் படைத்தளங்கள் மீது ஈரான் ஏவுகணை வீசிய சில மணி நேரத்துக்குள், தெஹ்ரானில் இருந்து புறப்பட்ட உக்ரைன் பயணிகள் விமானம் தவறுதலாகச் சுட்டு வீழ்த்தப்பட்டு 176 பேர் உயிரிழந்தனர். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, மோதல் நடக்கும் பகுதிகளின் வான்வெளி பற்றி அவ்வப்போது அறிக்கை வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் அதன் இணையதளத்தில் படிக்கலாம். அந்த அறிக்கை தவிர்க்கச் சொல்லும் வான்வெளியில் உங்கள் விமான நிறுவனம் தொடர்ந்து பறக்கிறதென்றால், வேறு நிறுவனத்தைத் தேடுவதற்கு அதுவே போதுமான காரணம்.

எச்சரிக்கையின் தலைப்பை மட்டும் படிப்பது

தொலைக்காட்சியில் காணும் காட்சிகளை வைத்து ஒரு நாடு முழுவதையும் எடைபோடுவதும், ஏற்கெனவே அங்கே இருக்கும் நண்பர் ‘இங்கே ஒன்றுமில்லை, தைரியமாக வா’ என்று சொன்னதை நம்பிப் புறப்படுவதும் ஒன்றுக்கொன்று எதிரான, ஆனால் ஒரே வகையான தவறுகள். முதலாமவர் ஓரிடத்தில் விழுந்த குண்டை நாடெங்கும் பரப்பிவிடுகிறார். இரண்டாமவர் ஒரு தெருவின் அமைதியை நாட்டின் அமைதியாக்கிவிடுகிறார். அரசுகள் வெளியிடும் பயண அறிவுரைகள் இவற்றைவிட நம்பத்தகுந்தவை. அமெரிக்க வெளியுறவுத் துறை நாடுகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: முதல் நிலையில் வழக்கமான எச்சரிக்கை போதும், இரண்டாவதில் கூடுதல் எச்சரிக்கை தேவை, மூன்றாவது பயணத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது, நான்காவது போகவே வேண்டாம் என்கிறது. பிரிட்டன், ஒரு நாட்டின் எந்தப் பகுதிக்கு எந்தப் பயணத்தையும் தவிர்க்க வேண்டும், எங்கே அத்தியாவசியப் பயணம் மட்டும் செய்யலாம் என்று பிரித்துச் சொல்கிறது.

எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. இரண்டாம் நிலையில் இருக்கும் நாட்டுக்குள்ளேயே எல்லையோர மாவட்டங்கள் நான்காம் நிலையில் இருக்கலாம். அறிவுரை கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, என்ன மாறியது என்பதைப் பார்க்க வேண்டும். உங்கள் அரசின் அறிவுரையோடு வேறு இரண்டு நாடுகளின் அறிவுரைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே திசையில் நகர்கின்றன என்றால் அதை அரசியல் மிகை என்று ஒதுக்க முடியாது. தூதரக ஊழியர்களின் குடும்பத்தினரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற செய்தி வந்தால் அதற்கு மிகுந்த எடை கொடுக்க வேண்டும். சாதாரண விமானங்கள் கிடைக்கும்போதே வெளியேறிவிடுங்கள் என்று ஓர் அரசு தன் குடிமக்களிடம் சொல்கிறதென்றால், அவை நின்றபின் தன்னால் பெரிதாக எதுவும் செய்ய முடியாமல் போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

2022-இல் உக்ரைனில் இதைப் பார்த்தோம். அமெரிக்காவும் பிரிட்டனும் தங்கள் குடிமக்களை உடனே வெளியேறச் சொன்னது பிப்ரவரி 11 அன்று. மறுநாளே நெதர்லாந்தின் கேஎல்எம் விமான நிறுவனம் அங்கே பறப்பதை நிறுத்தியது. அதே நாளில் போர்ச்சுகலின் மதீரா தீவில் இருந்து கீவ் நகருக்குப் புறப்பட்ட ஒரு விமானம், அதைக் குத்தகைக்குக் கொடுத்த நிறுவனம் உக்ரைன் வான்வெளிக்குள் நுழையத் தடை விதித்ததால், மால்டோவாவின் கிஷினாவில் இறங்கியது. ரஷ்யப் படையெடுப்பும் வான்வெளி மூடலும் நிகழ்ந்தது பிப்ரவரி 24 அன்று. இடையில் ஏறத்தாழ இரண்டு வாரம் இருந்தது. தலைவர்களின் பேச்சுகளைவிட, விமான நிறுவனங்களும் அவற்றுக்குக் காப்பீடு தருபவர்களும் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனிப்பது பயனுள்ளது. அவர்கள் பந்தயம் கட்டியிருப்பது சொந்தப் பணத்தை.

காப்பீடு இருக்கிறதே என்ற நம்பிக்கை

பயணக் காப்பீடு எடுத்தவர்களில் பலர் அதன் விலக்குகள் பகுதியைப் படிப்பதில்லை. படித்தால், போர், படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம் ஆகியவற்றால் நேரும் இழப்புகள் பெரும்பாலான பத்திரங்களில் நேரடியாக விலக்கப்பட்டிருப்பது தெரியும். காப்பீடு எடுத்த நாளில் ஏற்கெனவே செய்தியில் இருந்த நெருக்கடி, ‘முன்பே தெரிந்த நிகழ்வு’ என்ற கணக்கில் சேரும்; அதைக் காரணம் காட்டி இழப்பீடு கேட்க முடியாது. அரசு போக வேண்டாம் என்று சொன்ன இடத்துக்குப் போனால் பத்திரம் முழுவதுமே செல்லாமல் போகலாம். பிரிட்டன் அரசு தன் அறிவுரைப் பக்கங்களிலேயே இதை எச்சரிக்கிறது. பயமாக இருக்கிறது என்பது ரத்து செய்வதற்கான காரணமாக எந்தச் சாதாரணக் காப்பீட்டிலும் ஏற்கப்படுவதில்லை.

எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்ற கூடுதல் வகைக் காப்பீடு சில நாடுகளில் கிடைக்கிறது. பொதுவாக அது செலவில் 50 முதல் 75 சதவீதம் வரைதான் திருப்பித் தரும். முதல் தவணை கட்டிய சில வாரங்களுக்குள் எடுத்திருக்க வேண்டும். புறப்படுவதற்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்ய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் தொலைபேசியில் கேட்டு மனம் ஆறுவதைவிட, இந்த நாடு, இந்தத் தேதி, வான்வெளி மூடப்பட்டு நான் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் விடுதிச் செலவும் மருத்துவச் செலவும் கிடைக்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துவதே சரி. திரும்ப முடியாமல் போனால் காப்பீட்டுக் காலம் தானாக நீளுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

முந்திக்கொண்டு ரத்து செய்வதும், போட்ட பணத்துக்காகப் போவதும்

செய்தியைக் கண்ட பதைப்பில் அன்றிரவே சீட்டை ரத்து செய்பவர், கிடைத்திருக்கக்கூடிய பணத்தைத் தானே இழக்கிறார். நீங்கள் ரத்து செய்தால் சீட்டின் விதிகள்தான் பேசும். விமான நிறுவனமே ரத்து செய்தால், அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும், பணம் திரும்பத் தரப்படாத வகைச் சீட்டாக இருந்தாலும் முழுத் தொகையைக் கேட்கும் உரிமை உண்டு. ஐரோப்பிய விதிகளின்படி, போர் போன்ற அசாதாரண காரணத்தால் ரத்தானால் இழப்பீடு கிடைக்காது. ஆனால் மாற்று விமானமோ பணமோ தருவதும், காத்திருக்கும் காலத்தில் உணவும் தங்குமிடமும் தருவதும் நிறுவனத்தின் கடமையாகவே நீடிக்கிறது. ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டமாக வாங்கியவர், சேருமிடத்தில் தவிர்க்க முடியாத அசாதாரண நிலை ஏற்பட்டால் கட்டணமின்றி விலகிக்கொள்ளவும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் வழிசெய்கிறது. ஆகவே அபாயம் உடனடியானதாக இல்லாதவரை, விதிகள் அனுமதிக்கும் கடைசி நாள்வரை பொறுத்திருப்பதில் நன்மை உண்டு.

இதற்கு நேரெதிரான தவறு இன்னும் கனமானது. இவ்வளவு பணம் கட்டியாகிவிட்டதே என்று புறப்படுபவர், போகாமல் இருந்தாலும் திரும்ப வராத பணத்துக்காக, இனிமேல்தான் வரப்போகும் செலவையும் ஆபத்தையும் ஏற்கிறார். இன்றைக்கு ஒரு காசும் கட்டாமல் இருந்திருந்தால் இந்தப் பயணத்துக்குப் பதிவு செய்வேனா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இல்லை என்பது பதிலானால், கட்டிய பணம் அந்தப் பதிலை மாற்றக் கூடாது.

தூதரகம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது

பெரிய மீட்பு நடவடிக்கைகள் நம் நினைவில் நிற்கின்றன. 2015-இல் ஏமனில் இருந்து இந்தியா தன் குடிமக்களோடு வேறு பல நாடுகளைச் சேர்ந்தவர்களையும் மீட்டது. அதே ஏமனில் அமெரிக்கா தன் தூதரகத்தை முன்பே மூடிவிட்டிருந்தது. அங்கிருந்த தன் குடிமக்களுக்காக மீட்பு நடவடிக்கை எதையும் ஏற்பாடு செய்யவில்லை. அமெரிக்க அரசு மீட்கும்போதும், பொதுவாகப் பயணி பிற்பாடு திருப்பிக் கட்டுவதாக உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். கொண்டுபோய் விடுவதும் பொதுவாக அருகிலுள்ள பாதுகாப்பான இடத்தில்தான், வீட்டு வாசலில் அல்ல. தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்வது அவசியம்; செய்யாதவர் பட்டியலிலேயே இல்லாதவர். ஆனால் பதிவு செய்துவிட்டதாலேயே விமானம் வரும் என்று இருந்துவிடக் கூடாது.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். ஒரு நாட்டின் குடிமகனாகவும் இருப்பவரை அந்த நாட்டிடமிருந்து காக்க அவருடைய மற்றொரு நாடு தலையிட முடியாது என்பது 1930-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையிலேயே எழுதப்பட்ட கொள்கை. பல நாடுகள் அதை இன்றும் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கின்றன. கைது, கட்டாய இராணுவச் சேவை, வெளியேறத் தடை ஆகியவற்றில் எதுவானாலும் உங்கள் இரண்டாவது கடவுச்சீட்டு அங்கே உதவாமல் போகலாம்.

கையிருப்பு, மருந்து, கைபேசி

கடன் அட்டை இருக்கிறது என்று ரொக்கம் இல்லாமல் போவது சிறிய தவறாகத் தோன்றும். 2022 மார்ச் 10 முதல் ரஷ்யாவில், வெளிநாட்டில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் வேலை செய்யாமல் போயின. அங்கே இருந்த பயணிகள் பணம் வைத்திருந்தும் ஏழைகளானார்கள். பரவலாக மாற்றக்கூடிய நாணயத்தில் ரொக்கமும், திட்டமிட்டதைவிட இரண்டு வாரம் கூடுதலாக மருந்தும், மருத்துவர் சீட்டும், குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் இல்லாமல் புறப்பட வேண்டாம். இராணுவ வாகனங்களையும் பாலங்களையும் வானில் பறக்கும் ஏவுகணைகளையும் படமெடுத்துப் பகிர்வது பல நாடுகளில் குற்றம். பதற்றம் மிகுந்த நாட்களில் அதற்கு மன்னிப்பு எதிர்பார்க்க முடியாது.

முடிவைக் கடைசி இரவுக்குத் தள்ளுவது

பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, விமான நிலையத்துக்குக் கிளம்பும் நேரத்தில் குடும்பமே விவாதிப்பது மிக மோசமான முறை. அப்போது குரல் உயர்ந்தவர் முடிவுதான் நிற்கும். எவை நடந்தால் போகமாட்டோம் என்பதைப் பல நாள் முன்பே எழுதிவைக்க வேண்டும்: அறிவுரை ஒரு நிலை உயர்ந்தால், விமானம் மாறும் ஊரின் வான்வெளி மூடப்பட்டால், இரண்டு பெரிய நிறுவனங்கள் அங்கே பறப்பதை நிறுத்தினால் என்பதுபோல. குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துச் செல்பவர் இந்த எல்லையை இன்னும் முன்னதாகவே போட வேண்டும். நோயுற்ற தாயைப் பார்க்கவோ, வேலையைக் காப்பாற்றவோ போயே ஆகவேண்டியவர்களுக்குக் கேள்வி சற்று மாறுகிறது: எல்லோரும் போக வேண்டுமா, ஒருவர் மட்டும் போனால் போதுமா, நிலவழியாகவோ கடல்வழியாகவோ அண்டை நாட்டுக்குப் போகும் பாதை உண்டா, அதற்கு விசா தேவையா. அந்த விசாவைப் புறப்படும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நெருக்கடி தொடங்கியபின் எல்லையில் நிற்கும் வரிசையில் அதைக் கேட்டுப் பெறுவது பெரும்பாலும் நடவாத காரியம்.