துளி படுத்தால்தான் பசை பிடிக்கும்

பாலிபுரோப்பிலீன் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலை அளவுக்கு இல்லாவிட்டாலும் குமிழ் போல எழும்பி நிற்கும். சேர்கோணம், அதாவது துளியின் விளிம்பு தகட்டோடு செய்யும் கோணம், 100 டிகிரியை ஒட்டி வரும். பசைக்கும் மைக்கும் அங்கே அதே வரவேற்புதான். பிளாஸ்மா, அதாவது மின்சாரம் பாய்ந்து ஒளிரும் வாயு, இதைத்தான் மாற்றுகிறது: மேலே உள்ள சில நானோமீட்டரில் மட்டும் ஆக்சிஜன் சேர்ந்த அணுத் தொகுதிகளை உண்டாக்குகிறது. உள்ளே இருப்பது அதே பிளாஸ்டிக்.

முதலில் கையுறை. அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் ஒரே திசையில் துடையுங்கள். நன்றாகக் காய விடுங்கள். விரல் எண்ணெயைப் பிளாஸ்மா பார்த்துக்கொள்ளும் என்று விட்டால், அந்த ரேகை அப்படியே தெரியும்.

தகட்டைப் பிளாஸ்மா கருவியின் வெற்றிட அறைக்குள் வைத்து, அழுத்தத்தை 0.3 மில்லிபார் அளவுக்கு இறக்கி, காற்றையே வாயுவாக விடுகிறேன். இளஞ்சிவப்பு கலந்த ஊதா ஒளி வரும். முதலில் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். தூய ஆக்சிஜன் வேண்டுமென்றால், பம்பில் சாதாரண கனிம எண்ணெய் இருக்கவே கூடாது. வெடிக்கும்.

நேரம் கூடினால் நல்லது என்று நானும் நினைத்தவன்தான். ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டினேன். துளி விட்டதும் கண்ணாடி மேல் விட்டது போலப் பரவியது, ஒரே சந்தோஷம். பசை போட்டு மறுநாள் இழுத்தால் முழுசாக உரிந்து வந்துவிட்டது. சங்கிலி மூலக்கூறுகள் துண்டு துண்டாகி, மேலே தளர்வான ஏடு போலப் படிந்திருக்கிறது. பசை பிடித்தது அந்த ஏட்டைத்தான், தகட்டை அல்ல.

அதிலிருந்து துளிச் சோதனையை இரண்டு தடவை செய்கிறேன். மைக்ரோபிப்பெட்டில் 3 மைக்ரோலிட்டர் துளி விட்டு, பின்னால் வெள்ளைத்தாள் நிறுத்தி, போனைத் தகட்டின் மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் படம் எடுக்கிறேன். பிறகு அந்தத் துண்டைத் தண்ணீரில் அலசி, உலர்த்தி, மறுபடி ஒரு துளி. கோணம் பெரிதாக ஏறினால் ஏடு கரைந்து போயிருக்கிறது, நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். அலசிப் பார்ப்பது மாதிரித் துண்டில் மட்டும். ஒட்டப்போகும் தகட்டை அப்படியே விடுங்கள்.

சரி என்று தெரிந்தால் உடனே ஒட்டிவிடுங்கள், நாளைக்கென்று வைக்காதீர்கள். சிலிக்கோன் ரப்பர் இதில் ரொம்ப மோசம்: உள்ளிருக்கும் குட்டைச் சங்கிலிகள் மேலே ஊர்ந்து வந்து, சில மணி நேரத்திலேயே துளி மறுபடி எழும்பத் தொடங்கும். சிலிக்கோனைக் காத்திருக்க வைத்தே ஆக வேண்டுமென்றால் சுத்தமான தண்ணீரில் மூழ்க வைத்துவிடுங்கள்.