தனிக் கச்சேரிக்கு வயலின் தந்தி: முதலில் கட்டை, அப்புறம் பிராண்டு

கர்நாடக இசையில் தனியாக வாசிக்கத் தயாராகும் மாணவர்கள் பலரும் கடையில் 'எந்த பிராண்டு நல்லது?' என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: எத்தனை கட்டையில், அதாவது எந்த ஆதார சுருதியில், வாசிக்கப் போகிறீர்கள்?

படி 1: சுருதியை முடிவு செய்யுங்கள்

கடையில் கிடைக்கும் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ என்ற மேற்கத்திய சுருதிக்காகச் செய்யப்பட்டவை. நாமோ ச-ப-ச-ப என்று சேர்க்கிறோம். 3 கட்டை (மேற்கத்திய ஈ) வைத்தால் கீழ்த் தந்திகள் இரண்டும் மூன்று ஸ்வரஸ்தானம் (அரைச்சுர இடைவெளி) இறங்கும். மேல் தந்திகள் இரண்டும் ஐந்து ஸ்வரஸ்தானம் இறங்கும். இழுவிசை சுருதியைவிட வேகமாகக் குறையும் என்பதால், மேல் தந்திகளில் எஞ்சுவது ஏறக்குறைய 56 சதவீதம்தான். தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்கும்போது இந்தத் தொய்வு நன்றாகத் தெரியும்: விரலைக் கொஞ்சம் அழுத்தினாலே ஸ்வரம் ஏறிவிடும், வில்லை அழுத்தினால் நாதம் கரகரக்கும். 5 கட்டையில் வாசிப்பவருக்கு இந்தக் கவலை அதிகம் இல்லை.

படி 2: கனத்தைப் பாருங்கள்

உறையில் மீடியம் என்று இருந்தால் நடுத்தரக் கனம். ஸ்ட்ராங், ஸ்டார்க், ஃபோர்ட்டே எல்லாம் கனமானவை. 3 கட்டை, அதற்கும் கீழே என்றால், மேல் இரண்டையாவது கனமாக வாங்குங்கள். தொய்வு முழுதாகப் போகாது, ஆனால் கை உணரும் அளவுக்குக் குறையும்.

படி 3: உள்கரு (தந்தியின் நடு இழை)

குடல் தந்தியின் நாதம் செழுமையானது. ஆனால் வெப்பமும் ஈரப்பதமும் மாறினால் சுருதி கலையும். சென்னை மேடைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். செயற்கை இழைத் தந்திகளில் 1970-இல் வந்த தாமஸ்டிக் டாமினன்ட் இன்றும் நம்பகமான தொடக்கம். பிராஸ்ட்ரோவின் ஈவா பிராஸி இன்னும் பளிச்சென்று தூரம் வரை கேட்கும். முறுக்கிய எஃகுக் கரு கொண்ட டடாரியோ ஹெலிகோர் மெல்லியது, வில் பட்டதும் சட்டென்று பேசும். மனோதர்மமாக வேகமாக ஸ்வரம் வாசிக்கும் கற்பனை ஸ்வரத்தில் இது பெரிய உதவி. மைக் வைத்துத்தான் வாசிப்பீர்கள் என்றால் சத்தத்தைவிட இந்தத் தெளிவுக்கே முன்னுரிமை கொடுங்கள்.

மேல் பஞ்சமத் தந்தியை செட்டோடு வருவதாகவே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தனியாக வாங்கி மாற்றிப் பார்க்கலாம், செலவும் குறைவு.

படி 4: மாட்டுதல்

ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) சாய்ந்துவிடும், வயலினுக்குள் நிற்கும் சிறு மரக்குச்சியான சவுண்ட் போஸ்ட்டும் விழலாம். தந்தி பதியும் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். சுருதி ஏற்ற ஏற்ற குதிரை முன்பக்கம் சாய்கிறதா என்று பார்த்து நிமிர்த்துங்கள்.

படி 5: கேட்டுப் பாருங்கள்

செயற்கை இழைத் தந்தி இழுபட்டு நிலைக்கச் சில நாள் ஆகும். கச்சேரியன்று காலையில் புதிதாக மாட்டாதீர்கள். நிலைத்த பின் நீண்ட கார்வை (ஒரே ஸ்வரத்தில் நிற்பது), மந்தரத்திலிருந்து மேலே ஒரு ஜாரு (விரலை வழுக்கி ஏற்றுவது), வேகமான ஒரு ஸ்வரக் கோவை வாசியுங்கள். காதோரம் கேட்பது வேறு, சபையில் கேட்பது வேறு. அதனால் நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லி, அறையின் மறுகோடியில் நின்று கேளுங்கள்.

விரலில் எண்ணெய் தொட்டு வாசிப்பவர்கள் முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்துவிடுங்கள். வில் ஓடும் இடத்தில் எண்ணெய் பட்டால், வில்லில் எத்தனை ரோசின் (பிசின்) போட்டாலும் பிடிக்காது.