மண்டை ஓட்டு மாலை, எலும்புத் தோடு, ரத்தச் சொட்டு பட்டை: வீட்டிலேயே செய்வது எப்படி?

மாசி அமாவாசைக்குப் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளைத் திருவிழா பார்த்து வளர்ந்த வேலூர்க்காரர்களுக்கு மண்டை ஓட்டு மாலையும் காளி வேஷமும் புதுசே இல்லை. ஆனாலும் பிள்ளைக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி, தம்பிக்குக் கல்லூரியில் பேய் வேஷம் என்று வந்துவிட்டால் போனை எடுத்து ஆன்லைனில்தான் தேடுகிறோம். வந்து சேர்வது பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் மண்டை ஓடு, அதைப் பார்த்தால் பயம் வராது, சிரிப்புதான் வரும். எலும்பு மங்கலாக இருக்க வேண்டும், ரத்தம்தான் பளபளக்க வேண்டும். கடைச் சாமானில் எப்போதும் இது தலைகீழாகத்தான் இருக்கிறது. (வேண்டுதலுக்கு வேஷம் கட்டுகிறவர்கள் விஷயம் வேறு, அதற்கு விரதமும் முறையும் இருக்கிறது. நான் சொல்வது போட்டிக்கும் நாடகத்துக்கும் மட்டும்.)

நம் பக்கத்துக் கூத்தில் தோளுக்குக் கட்டும் புஜகீர்த்தியையும் மார்புப் பதக்கத்தையும் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? லேசான மரத்தில் செதுக்கி, வண்ணம் பூசி, கண்ணாடித் துண்டு பதித்திருப்பார்கள். விடிய விடிய ஆட வேண்டும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டும், அதனால்தான் அவ்வளவு பெரிசு, அவ்வளவு லேசு. நாமும் அதையே பிடித்துக்கொள்ளலாம். எம்-சீலில் மண்டை ஓடு நன்றாகவே வரும், ஆனால் கனம், ஒரு மாலை போட்டால் குழந்தைக்குக் கழுத்து வலிக்கும். அதனால் சோள மாவு களிமண்தான்.

அரை கப் கார்ன்ஃப்ளார், அரை கப் வெள்ளை ஃபெவிகால், ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர், ஒரு டேபிள்ஸ்பூன் பேபி ஆயில். வினிகர் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, எண்ணெய் கையில் ஒட்டாமல் இருக்க. கழித்துப் போட்ட பழைய நான்ஸ்டிக் சட்டி ஒன்றில் (அப்புறம் அதில் சமைக்கக் கூடாது) எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். முதலில் கூழாக இருக்கும், பிறகு திரிதிரியாகும், இதோ கெட்டுப்போச்சு என்று நினைக்கும் நேரத்தில் சட்டியை விட்டுச் சுருண்டு ஓர் உருண்டையாக வரும், அப்போதே இறக்கிவிடுங்கள். கூடக் கொஞ்சம் வெந்தால் விரிசல் விடும். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஆறவிடுங்கள்.

இனி மண்டை ஓடு. நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிசாக உருட்டுங்கள், ஏனென்றால் காயும்போது சுருங்கும். கீழ்ப் பாகத்தை விரலால் இரு பக்கமும் அழுத்தினால் கன்னம் ஒட்டி, தாடை தனியாகத் தெரியும். கண் பள்ளத்தைப் பிரஷ்ஷின் பின்பக்கத்தால் குத்துங்கள். இதில்தான் எல்லாருக்கும் சறுக்கும், கண்ணை நெற்றிக்குக் கிட்டே வைத்துவிடுவார்கள். மண்டை ஓட்டில் கண் பள்ளம் உயரத்தில் ஏறக்குறைய பாதியில் இருக்கும், மேலே பாதி வெறும் நெற்றிதான். பள்ளம் ஆழமாக இருக்கட்டும், நிழல் விழுந்தால்தான் தூரத்திலிருந்து பயமாகத் தெரியும். மூக்குக்குப் பல்குத்தும் குச்சியால் கூரை மாதிரி இரண்டு சாய்ந்த கீறல். பல்லுக்குக் குறுக்கே ஒரு கோடு, அதன் மேல் நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள், ஒன்றிரண்டு கோணலாக இருந்தால் இன்னும் நல்லது.

ஓட்டை போடத் துடைப்பக்குச்சி போதும். இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குக் குத்தத் தோன்றும், வேண்டாம். கண்ணுக்கு மேலே, நெற்றிப் பக்கமாகக் குத்துங்கள், இல்லாவிட்டால் மாலையில் மண்டை ஓடு தலைகீழாகப் புரண்டு தொங்கும். குச்சியை உருவாமல் அப்படியே காயவிட்டு, அவ்வப்போது ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள், களிமண்ணோடு ஓட்டையும் சுருங்கிவிடும் அல்லவா. நம்ம ஊர் வெயிலைப் பார்த்து மொட்டை மாடியில் மட்டும் கொண்டுபோய் வைக்காதீர்கள். வெளித்தோல் சட்டென்று இறுகி, உள்ளே ஈரம் நின்று, வெடித்துவிடும். நிழலில் இரண்டு மூன்று நாள், திருப்பித் திருப்பி வைத்தால் போதும்.

காய்ந்ததும் பழுப்பு அக்ரிலிக் பெயின்ட்டைத் தண்ணீராகக் கரைத்து மண்டை முழுக்கப் பூசி, உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மேட்டில் போய்விடும், பள்ளத்திலும் பல்லிடுக்கிலும் நிற்கும், மண்ணிலிருந்து தோண்டி எடுத்த மாதிரி இருக்கும். கண்ணுக்குள் மட்டும் ஒரு பொட்டுக் கருப்பு. மொத்தத்தையும் கருப்பு வெள்ளையாகத் தீட்டினால் ஸ்டிக்கர் மாதிரி ஆகிவிடும். இந்தக் களிமண் தண்ணீர் பட்டால் ஊறிவிடும், அதனால் வேர்வை படும் பின்பக்கத்தில் மட்டும் கலர் இல்லாத நெயில் பாலிஷ் இரண்டு கோட் கொடுங்கள். முன்பக்கம் மங்கலாகவே இருக்கட்டும்.

கோப்பதற்குக் கருப்புக் கயிறு. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலை செய்பவர் யாரையாவது தெரிந்தால் கழிவுத் துண்டு கேட்டுப் பாருங்கள், மெல்லிய வாராக வெட்டிக் கோத்தால் அந்த முரட்டுத்தனமே தனி அழகு. நடுவில் பெரிய மண்டை, இரு பக்கமும் போகப் போகச் சிறிசு, இடையில் கருப்பு பிளாஸ்டிக் மணி. கருகமணி வேண்டாம், நம் பக்கம் நிறைய வீடுகளில் அது தாலியோடு சேர்ந்த சமாச்சாரம், பாட்டி பார்த்தால் வம்பு. பின்கழுத்தில் முடிச்சுப் போடாமல் வெல்க்ரோ வையுங்கள், யாராவது பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிட வேண்டும்.

எலும்புத் தோடு சுலபம். காகிதக் குச்சி உள்ள இயர் பட் எடுத்து, இரு முனைப் பஞ்சையும் ஊசியால் இரண்டாகப் பிரித்து ஃபெவிகால் தடவி உருட்டினால் எலும்பு முட்டி வந்துவிடும். மேலே டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஒட்டி, ஈரமாக இருக்கும்போதே ஓட்டை போட்டு, காய்ந்ததும் டீ டிகாஷன் தடவுங்கள். அவசரத்துக்கு ஃபெவிக்விக்கை மட்டும் எடுக்காதீர்கள். அது பஞ்சில் பட்டால் குபீரென்று சூடேறிப் புகையும், விரல் சுட்டுவிடும். கொக்கி புதிதாக வாங்குவதானால் ஸ்டீல் பாருங்கள், மலிவான கொக்கியில் இருக்கும் நிக்கல் சிலருக்கு அரிக்கும்.

ரத்தச் சொட்டுக்கு க்ளூ கன். பட்டர் பேப்பரில் சொட்டுச் சொட்டாக வழியவிட்டு, ஆறியதும் உரித்து, சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு துளி கருப்பு கலந்து பூசுங்கள். வெறும் சிவப்பு ஆரத்தித் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். கருப்பு வெல்வெட் ரிப்பனில் வரிசையாக ஒட்டினால் கழுத்துப் பட்டை தயார். க்ளூ கன் முனை நன்றாகச் சுடும், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். செய்ததை வண்டி டிக்கியில் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்தினாலும் க்ளூ இளகிவிடும்.

மோதிரத்துக்குச் சிலந்தி வேண்டுமானால் பெரிய மணி வயிறு, சின்ன மணி தலை, எட்டுக் காலும் மெல்லிய கம்பி. கால்கள் தலைப் பக்கத்து மணியிலிருந்துதான் கிளம்ப வேண்டும், வயிற்றிலிருந்து இல்லை. கண்ணுக்குக் குன்றிமணி பொருத்தமாகத் தோன்றும், ஆனால் அதன் உள்ளே கடும் விஷம், ஓட்டை போட்டால் இன்னும் ஆபத்து. வீட்டில் குழந்தை இருக்கும்போது அந்த விளையாட்டே வேண்டாம், சிவப்பு பாசிமணி போதும்.

போட்டிக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் பிள்ளையை நன்றாகக் குதிக்கச் சொல்லுங்கள். எது கழன்று விழுகிறதோ அதை அன்றைக்கே ஒட்டிக்கொள்ளலாம்.