ஐந்து வருஷம் ஆயிற்றா? ஜெர்மனியில் நிரந்தரக் குடியிருப்பு அட்டை வாங்குவது எப்படி

கணவருக்குப் புதுச்சேரிப் பூர்வீகத்தால் வந்த பிரெஞ்சு பாஸ்போர்ட். எனக்கு இந்திய பாஸ்போர்ட். குடித்தனம் பெர்லினில். உங்கள் வீடும் இப்படியொரு கதம்பம் என்றால் மேலே படியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒன்றியக் குடிமகனோடு அவருடைய சொந்த நாடல்லாத இன்னொரு உறுப்பு நாட்டில் ஐந்து வருஷம் தொடர்ந்து முறைப்படி வாழ்ந்த மனைவிக்கோ கணவனுக்கோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை தானாகவே வந்துவிடுகிறது. அட்டை அதற்குச் சாட்சி, அவ்வளவுதான். ஆகவே நம் வேலையெல்லாம் அந்த ஐந்து வருஷத்தை நிரூபிப்பதில்தான் இருக்கிறது.

படி 1: இந்தச் சட்டம் உங்களுக்கானதா?

பிரெஞ்சுக்காரர் ஜெர்மனியில் இருந்தால் ஆமாம். அவரே பிரான்சில் இருந்தால் பொதுவாக அந்நாட்டுச் சட்டம்தான். ஜெர்மன் கணவரோடு ஜெர்மனியில் வாழ்பவருக்கும் அப்படியே. கையிலுள்ள அட்டையில் 'அவுஃபென்ட்ஹால்ட்ஸ்கார்ட்டே' (ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தாருக்குத் தரும் தங்கும் அட்டை) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சரி.

படி 2: நாளை எண்ணுங்கள்

பலர் அட்டையில் உள்ள தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். தேவையில்லை. கணவரோடு இங்கே முறைப்படி வாழத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணலாம். எனக்கு முதல் அட்டை கைக்கு வரவே நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் கணக்கில் சேர்ந்தது.

வருஷத்துக்கு மொத்தம் ஆறு மாதம்வரை வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுபடாது. பிரசவம், கடும் நோய், படிப்பு போன்ற முக்கியக் காரணத்துக்காக ஒரே ஒரு முறை, தொடர்ந்து 12 மாதம்வரை போய்வரலாம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போய், குழந்தை குப்புற விழும்வரை இருந்துவிட்டு வருகிறோமே, அது இதில் அடங்கும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளையும் பிறப்புச் சான்றிதழையும் மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தாள்களைச் சேருங்கள்

இதில்தான் நான் தடுமாறினேன். என் சம்பளச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் கோத்து எடுத்துப் போனேன், கேட்டது கணவருடையதை. யோசித்தால் நியாயம்தான், நம் உரிமை அவருடைய உரிமையைப் பிடித்துக்கொண்டு வருவது. அவர் வேலையில் இருந்த காலத்துக்கு வேலைச் சான்று போதும். வேலையும் இல்லாமல், வேலை தேடாமலும் இருந்த மாதங்களுக்குப் போதிய பணமும் மருத்துவக் காப்பீடும் இருந்ததைக் காட்ட வேண்டிவரும்.

அறுபது சம்பளச் சீட்டைத் தேடி அலையாமல், பென்ஷன் காப்பீட்டு நிறுவனத்திடம் கணவருடைய 'ஃபெர்ஸிஷெருங்ஸ்ஃபெர்லாவ்ஃப்' என்ற காப்பீட்டு வரலாற்றுத் தாளைக் கேளுங்கள். எந்தெந்த மாதம் வேலையில் இருந்தார் என்பது வரிசையாக அதில் இருக்கும், காசும் கிடையாது. கூடவே வீட்டு முகவரிப் பதிவுச் சான்று, திருமணச் சான்று, இருவர் பாஸ்போர்ட்டும். புதுப்பித்தபோது மூலையை வெட்டித் திருப்பித் தந்த பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போய்வந்த முத்திரையெல்லாம் அதில்தான்.

இடையில் இருவரும் தனித்தனி வீட்டில் இருந்தீர்களா? பயப்பட வேண்டாம். பெர்லினில் பிரெஞ்சுக் கணவரை விட்டுத் தனியே போன செனகல் நாட்டுப் பெண்ணின் வழக்கில், ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாக வேண்டும் என்பதில்லை என்று 1985இலேயே ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. விவாகரத்து ஆகிவிட்டால் விதிகள் வேறு.

படி 4: விண்ணப்பம்

பழைய அட்டை காலாவதியாவதற்கு முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் அவர்கள் அட்டை தர வேண்டும். ஜெர்மன்காரர் தம் அடையாள அட்டைக்குக் கட்டுவதைவிட அதிகக் கட்டணம் கேட்கக் கூடாது.

நான் போன அலுவலகத்தில் கவுன்டரில் இருந்த அம்மா, "பி1 ஜெர்மன் சான்றிதழ் எங்கே?" என்றார். அது 'நீடர்லாசுங்ஸ்எர்லாவ்ப்னிஸ்' என்ற மற்றொரு வகை நிரந்தரக் குடியிருப்புக்கு உரிய நிபந்தனை. நமக்கு மொழித் தேர்வும் கிடையாது, இத்தனை மாதம் பென்ஷன் கட்டியிருக்க வேண்டும் என்பதும் கிடையாது. ஒன்றியக் குடிமக்களுக்கான ஜெர்மன் சட்டத்தின் 4ஏ பிரிவை அச்செடுத்து வைத்திருந்தேன், நீட்டினேன். படித்தார், உள்ளே போய் யாரையோ கேட்டார், திரும்பி வந்து முத்திரை குத்தினார். அந்த ஒரு தாளை நீங்களும் எடுத்துப் போங்கள்.

படி 5: கிடைத்த பிறகு

அட்டை பத்து வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பித்துக்கொள்ளலாம். தொடர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் உரிமை போய்விடும். மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஊரில் நீண்ட நாள் தங்க நேர்ந்தால், அந்தக் கெடுவுக்குள் ஒரு தடவை வந்து போங்கள். வந்த டிக்கெட்டையும் எடுத்து வையுங்கள்.