கடற்கரை வீட்டில் எதை ஒட்டுவது, எதை முடுக்குவது

திருகோணமலையில் வீடு கட்டுகிறவர்கள் பசை வாங்கும்போது, அது எத்தனை கிலோ தாங்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பாரம் எந்தத் திசையில் இழுக்கிறது என்பதே அதற்கு முன் பார்க்க வேண்டியது. ஒட்டிய இரு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க முயலும்போது, பாரம் பரப்பு முழுவதிலும் பரவுவதால் பசை நன்றாகத் தாங்கும். விளிம்பைப் பிடித்து உரிப்பதுபோல விசை வந்தால், அந்த விளிம்பின் மெல்லிய கோடு மட்டுமே அதை ஏற்க நேர்வதால், அதே பசை எளிதில் விட்டுவிடும். திருகாணியும் போல்ட்டும் பாரத்தைத் துளையைச் சுற்றிக் குவிப்பவை என்றாலும், கழருமுன் பெரும்பாலும் வளைந்தோ இளகியோ நமக்குக் காட்டிவிடும்.

ஆகவே கூரையில் பசையை நம்பவே கூடாது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி நமக்கு வடக்கே கரையேறியதை நினைவில் வைத்துக் கூரையைப் பொருத்துங்கள். காற்று கூரைத் தகட்டை மேல்நோக்கி இழுக்கும். ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் அந்த இழுவை மிக அதிகம் என்பதால், அவ்விடங்களில் திருகாணிகளை நடுப்பகுதியைவிட நெருக்கமாக இட வேண்டும். தகடு தப்பினாலும் கைமரம் பறக்கலாம். அதைச் சுவருடன் இரும்புப் பட்டியால் பிணைக்க மறக்காதீர்கள். திருகாணியின் இறப்பர் வளையம் சற்றே பிதுங்கும்வரை முடுக்கினால் போதும், மேலும் முடுக்கினால் வளையம் நசுங்கி அந்த வழியாகவே மழை ஒழுகும்.

உப்புக்காற்றில் சாதாரண ஆணி விரைவில் கறள் பிடிக்கும். உப்புவெளி, நிலாவெளி போன்று கடலை ஒட்டிய இடங்களில், கறள் பிடிக்காத உருக்கு என்று பொதுவாகக் கேட்காமல் 316 தரம் என்றே கேட்டு வாங்குங்கள். அதில் மொலிப்தினம் சேர்ந்திருப்பதால் 304 தரத்தைவிட உப்பை நன்றாக எதிர்க்கும். அத்திருகாணியை அலுமினிய யன்னலில் இடுவதானால் இடையே பிளாஸ்டிக் வளையம் வையுங்கள். இரு உலோகங்கள் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியமே அரிபடும்.

பசை தன் வலிமையைக் காட்டும் இடம் சீமெந்துக் கல் சுவர். விரிந்து இறுகும் போல்ட்டைப் பொள்ளான கல்லில் முடுக்கினால் கல் உடையும். சல்லடைபோல் ஓட்டைகள் உள்ள வலைக்குழாயைச் செருகி, அதனுள் நங்கூரப் பசையை, அதாவது துளைக்குள் கம்பியைப் பிடித்து நிறுத்தும் பசையை, நிரப்பிக் கம்பியை இறக்குவதே சரி. திண்மையான கொங்கிறீற்றில் வலைக்குழாய் தேவையில்லை. ஆனால் துளையின் தூய்மையே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். துளையிட்டபின் ஊதி, தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊதுங்கள். பசையை அடியிலிருந்து மேலாக ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, கம்பியைச் சுழற்றியபடி மெல்ல இறக்குங்கள். தூசி அகற்றாத துளையில் இறுகிய கம்பியை நான் கையாலேயே உருவி எடுத்திருக்கிறேன்.

தலைக்கு மேலே தொடர்ந்து தொங்கும் பாரத்துக்குப் பசை நங்கூரத்தைப் பொறியியலாளரின் கணக்கின்றி இடாதீர்கள். 2006 ஜூலை 10ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரச் சுரங்கப்பாதையில் கூரைப் பலகைகள் விழுந்து, காரில் சென்ற ஒரு பெண் இறந்தார். கம்பிகளைப் பிடித்திருந்த விரைவில் இறுகும் வகை எபொக்சிப் பசை, ஓயாத பாரத்தில் சிறிதுசிறிதாக நீண்டு கம்பியை விட்டதே காரணமென விசாரணையில் தெரிந்தது. எபொக்சி வெப்பத்தில் இளகவும் செய்யும் என்பதால், தீ பற்றக்கூடிய இடங்களிலும், கச்சான் என்னும் வெப்பக்காற்று வீசும் காலத்தில் தகட்டுக் கூரையின் கீழ் காயும் இடங்களிலும் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

சிலிக்கன் நீரைத் தடுப்பதற்கே, பாரத்துக்கு அல்ல. வினாகிரி மணக்கும் வகை துத்தநாகம் பூசிய தகட்டை அரிக்கும், சீமெந்திலும் நிலைக்காது. நடுநிலை வகையைக் கேளுங்கள்.

மரப்படி, பலகைத் தளம் ஆகியவற்றுக்கு இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துவது எனக்குப் பிடித்த முறை: பசை அசைவையும் கிறீச்சொலியையும் நிறுத்தும், திருகாணி பசை இறுகும்வரை பலகையை அழுத்திப் பிடித்து, பின்னர் உரிக்கும் விசையைத் தானே ஏற்கும். வெளிப்புற மரத்துக்கு வெள்ளைப் பசை வேண்டாம், ஈரத்தில் இளகிவிடும். வாடைமழை தொடங்குமுன், மரம் நன்கு உலர்ந்திருக்கும் நாளில் இவ்வேலையை முடித்து, பசைக் குப்பியில் குறித்த நேரம் கழியும்வரை அதன்மேல் எவரையும் நடக்க விடாதீர்கள்.