இடம் கொடுத்தால் மடம் போய்விடுமா?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக் கூட்டத்தில் போன மாசியில் ஒரு கேள்வியை எழுப்பினேன். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்டில் ஏறலாமா? நான்காம் மாடிக்கு வரும் அக்காவுக்கு முழங்கால் தேய்மானம். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பற்றி நின்றுதான் ஏறுவார்.

ஒருவர் எழுந்தார். "இன்றைக்கு லிஃப்ட். நாளைக்குப் பூங்காவில் உட்காருவார்கள். அப்புறம் வருகிறவர் போகிறவர் எல்லாம் உள்ளே நுழைவார்கள். திருட்டுப் போனால் யார் பொறுப்பு?"

அவ்வளவுதான். அரை மணி நேரம் திருட்டைப் பற்றியே பேச்சு. முழங்காலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 26 ஆண்டுகள் வரலாறு கற்பித்த எனக்கும் அன்று பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தயாராகிப் போனேன். அப்போது செய்தவற்றை எழுதுகிறேன். ஊர்க் கூட்டத்திலும் இவை உதவும்.

முதலில், வாதத்தைத் தாளில் படிப்படியாக எழுதுங்கள். காதில் கேட்கும்போது ஒரே மூச்சில் ஓடிவிடும், எழுதினால் நின்றுவிடும். லிஃப்ட், பூங்கா, வெளியாட்கள், திருட்டு என்று நான்கு வரிகள் எழுதினேன். வரிகளுக்கு நடுவே இடம் விட்டு, "இதை யார் செய்வார்? எந்த விதி இடம் கொடுக்கும்?" என்று குறித்தேன். பூங்காவுக்கு வேறு தீர்மானம் வேண்டும். அதற்கும் நாங்கள்தான் கை தூக்க வேண்டும். வெளியாட்களைத் தடுப்பது வாசல் காவலர். லிஃப்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அக்கா தினமும் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறார். பல வீட்டுச் சாவிகள் அவரிடமே இருக்கின்றன.

ஆனால் இப்படி, ஒன்றுக்கு இடம் கொடுத்தால் படிப்படியாகச் சறுக்கிப் பள்ளத்தில் விழுவோம் என்று சரிவைக் காட்டிப் பேசுகிறவர் எல்லோரும் வீணாகப் பயமுறுத்துகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் 1965க்குப் பிறகும் இந்தியுடன் ஆங்கிலம் 'தொடரலாம்' என்றது. 'தொடர வேண்டும்' என்று சொல்லவில்லை. மாநிலங்களவையில் அண்ணா பிடித்துக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான். அவர் அஞ்சியது நியாயம். 'தொடரலாம்' என்றால் தொடராமலும் விடலாம். நடுவே தடுத்து நிறுத்த எந்தக் கதவும் இல்லை. 1965இல் தமிழ்நாடு கொந்தளித்தது, 1967இல் சட்டம் திருத்தப்பட்டது. எனவே நீங்களே இப்படி எச்சரிக்க நேர்ந்தால், கதவு இல்லாத இடம் எது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். காட்ட முடியவில்லை என்றால் அந்த வாதத்தை எடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: சரிவின் அடியில் இருப்பது உண்மையிலேயே பள்ளம்தானா? மாணவிகளுக்கு நான் தவறாமல் சொல்லிவந்த பாடம் இது. 1891இல் பாலுறவுக்குப் பெண்ணின் சம்மத வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்தச் சட்டம் வந்தபோது திலகர் போன்றவர்களே எதிர்த்தார்கள். அந்நிய அரசு நம் வழக்கங்களில் கைவைக்கக் கூடாது என்றார்கள். சட்டம் அதோடு நிற்கவில்லை என்பதும் உண்மை. 1929இல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. 1978இல் அது 18 ஆனது. 1891இலிருந்து 87 ஆண்டுகள். ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே வழக்காட வேண்டியிருந்தது. தானாகச் சறுக்கி யாரும் அங்கே போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்த இடத்தை நினைத்து நான் மகிழ்கிறேன்.

எதிரில் பேசுகிறவரை மடக்கப் பார்க்காதீர்கள். அவர் பயத்தைக் கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் எழுந்தவரின் மகனுடைய சைக்கிள் முந்தைய ஆண்டு காணாமல் போயிருந்தது. அது எனக்குத் தெரியாது. வாசலில் வருகைப் பதிவேடு வைக்கலாம் என்றேன். அதைத் தனித் தீர்மானமாக எழுதினோம். லிஃப்ட் தீர்மானத்தை ஒரே வரியில் நிறுத்தினோம்: 'குடியிருப்புக்கு வேலைக்கு வரும் எவரும் லிஃப்டைப் பயன்படுத்தலாம்.' அந்த வரியை மட்டும் வாக்குக்கு விடச் சொன்னேன். 14 பேர் ஆதரவு, 9 பேர் எதிர்ப்பு.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான்காம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. அக்கா உள்ளே ஓரமாக நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். போட்டுக்கொள்ளுங்கள் அக்கா என்றேன்.